எட்டாம் பருவம்



திண்டிவனத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை கடலை அணுகும் இடத்தில் உள்ளது மரக்காணம். அதற்குத் தெற்கே, கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே அமைந்தது வானூர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் கழுவேலி என்னும் பெரிய உப்பங்கழி பரந்து கிடக்கிறது. சங்க காலத்தில் இப்பகுதி ஓய்மாநாடு என்று வழங்கிற்று. நல்லியக்கோடன் என்னும் வள்ளல் இதனை ஆண்டான். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணத்தை ஒட்டிய இடமே என்று அறிஞர் பலர் கருதுவர். உப்பு வண்டி ஓட்டிய உமணரைச் சங்கப் புலவர்கள் பாடினர். அந்த உப்பு இன்றும் அங்கே விளைகின்றது. அதனை வாரிச் சுமக்கும் மக்களும் இன்றும் அங்கே வாழ்கின்றனர்.

என் தந்தையின் ஊர் வானூர். தாயின் ஊர் மரக்காணம். நான் பிறந்தது முன்னதில், வளர்ந்தது பின்னதில். என் அம்மா உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். மழை ஓய்ந்து தை பிறந்த பின் அளத்தில் வேலை தொடங்கும். ஐப்பசி மழை வரும்வரை நடக்கும். பொழுது விடியுமுன்பே அம்மா புறப்பட்டு விடுவார். ஆடவர் பாத்தியில் உப்பை வாரிக் குவிக்க, பெண்கள் அதனைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவர். கீழே கரிக்கும் நீர்; மேலே காயும் வெயில்; கண்ணுக்கெதிரே வெள்ளை உப்பின் கூச்சம். அவ்வளவையும் இருபது ஆண்டுகள் தாங்கியவர் அவர். வெயிலுக்கு அஞ்சி அவர் ஒரு நாளும் கூடையை இறக்கியதில்லை.

நான் கல்லூரியில் வரலாறு பயின்று கொண்டிருந்த காலத்தில், அம்மாவுக்கு 46 வயது இருக்கும்போது, ஒரு மாற்றம் கண்டேன். மார்கழிக் குளிரில், நள்ளிரவில், அவர் திடீரென எழுந்து கதவைத் திறந்து கொண்டு திண்ணையில் போய் அமர்வார். சேலை வியர்வையில் நனைந்திருக்கும். சிறிது நேரத்தில் குளிர் நடுக்கும். மீண்டும் உள்ளே வருவார். உறக்கம் வராது. காலையில் சிறு சொல்லுக்கும் சினம் எழும். அடுத்த நொடியே கண் கலங்கும். அளத்தில் ஒரு நாள் கூடையோடு நடக்கையில் நெஞ்சு படபடக்க, வரப்பிலேயே அமர்ந்து விட்டாராம். வேலைக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று அங்கே ஏசினர். காற்றுக் கருப்பு பிடித்திருக்கும் என்று அண்டை வீட்டார் வேப்பிலையோடு வந்தனர். நானோ கல்லூரி படிக்கும் செருக்கில், “இதெல்லாம் மூட நம்பிக்கை” என்று அவர்களை விரட்டினேன். விரட்டினேனேயன்றி, உண்மைக் காரணம் யாதென எனக்கும் தெரியவில்லை. அம்மாவிடம் சலிப்போடு, “உனக்கு என்னதாம்மா செய்யுது? சொன்னால்தானே தெரியும்?” என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழி இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது:

“என்னான்னு சொல்றது கண்ணு? அதுக்கு ஒரு பேரா இருக்குது?”

அன்று அதனை ஒரு தாயின் புலம்பல் என்றே எண்ணினேன். பின்னாளில் நூல்களைத் தேடிப் படித்தபோதுதான், அம்மா ஒரு வரலாற்று உண்மையைக் கூறியிருக்கிறார் என்று கண்டேன். அவ்வுண்மையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பெண்ணின் பருவங்களைத் தமிழர் ஏழாகப் பகுத்தனர் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. பேதைக்கு 5 முதல் 7 வயது; பெதும்பைக்கு 8 முதல் 11; மங்கைக்கு 12, 13; மடந்தைக்கு 14 முதல் 19; அரிவைக்கு 20 முதல் 25; தெரிவைக்கு 26 முதல் 31; பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. நூலுக்கு நூல் சிறு வேறுபாடு இருப்பினும், பொதுவாக வழங்கும் கணக்கு இதுவே. உலா என்னும் இலக்கிய வகை இந்த ஏழு பருவ மகளிரை வைத்தே எழுந்தது. சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கைலாய ஞான உலா அவற்றுள் முதலாவது. 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ வேந்தர் மூவர் மீது உலாப் பாடினார். வீதியில் தலைவன் பவனி வருகின்றான்; பேதை முதல் பேரிளம்பெண் வரை எல்லோரும் அவனைக் காண வாயிலில் நிற்கின்றனர்.

41 வயதுப் பெண் எங்கே நின்றாள்? அந்த வீதியில் அவளுக்கு இடமில்லை. ஆடவர் பருவங்களின் வரிசையில் இறுதியாக முதுமகன் என்றொரு பெயர் உண்டு. மகளிர் வரிசையோ நாற்பதோடு முடிந்து விடுகின்றது. மூதாட்டி, கிழவி, முதுமகள் என்ற சொற்கள் தமிழில் இல்லாமலில்லை. அவையெல்லாம் நரை முற்றிய முதுமைக்கு உரியவை. நாற்பதுக்கும் முதுமைக்கும் இடையே கிடக்கும் அந்த நீண்ட ஆண்டுகளுக்கு வரிசையில் பெயரில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பெண் பூப்பெய்தினால் பந்தல் போடுகின்றோம். மாமன் சீர் கொண்டு வருகின்றார். மஞ்சள் நீராட்டு நடக்கின்றது. அப்பூப்பு நிற்கும்போதோ வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை. வருகைக்கு விழா எடுத்தவர்கள், விடைபெறும் போது வாய் திறப்பதில்லை. நம் கதைகளிலும் இதே தாவலைக் காணலாம். இளம்பெண்ணாயிருந்த ஔவை, திருமணத்தைத் தவிர்க்க வேண்டி முதுமையை வரமாகப் பெற்றாள் என்பது வழிவழி வரும் கதை. காரைக்காலம்மையார் தம் அழகிய உடலைத் துறந்து பேய் வடிவு வேண்டினார் என்று பெரியபுராணம் கூறும். இருவரும் இளமையிலிருந்து ஒரே தாவலில் மறுகரை சேர்ந்தனர். நடுவே ஓடும் ஆற்றை நடந்து கடக்க வேண்டியவர்கள் என் அம்மாவைப் போன்ற கோடிக்கணக்கான பெண்களே.

முன்னோர் இந்நிகழ்ச்சியை அறியாதவரல்லர். மாதவிடாய் 12 வயதளவில் தொடங்கி, முதுமையால் உடல் முதிரும் 50 வயதளவில் நிற்கும் என்று சுசுருத சங்கிதை கூறுகின்றது. கிரேக்க நாட்டில் அரிஸ்டாட்டில், பெரும்பாலோர்க்கு 40 வயதளவிலும் சிலர்க்கு 50 வரையிலும் சென்று அது நிற்கும் என எழுதினார். எப்போது நிற்கும் என்பதை இவ்வாறு குறித்தவர்கள், நிற்கும் காலத்தில் அப்பெண் என்ன துன்பம் அடைகின்றாள் என்பதைப் பெரிதாக ஆராயவில்லை.

இதற்குத் தனிப்பெயர் ஐரோப்பாவில் பிறந்தது. பிரெஞ்சு மருத்துவர் கார்தான் 1816 இல் இக்காலத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மாதம் என்றும் நிறுத்தம் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஒரு புதுச்சொல் ஆக்கினார். 1821 இல் அதுவே செப்பமுற்று ‘மெனோபாஸ்’ என்றாயிற்று. இன்று நம் செய்தித்தாள்களில் காணும் அச்சொல்லுக்கு வயது இருநூறு ஆண்டுகளே. மாதவிடாய் நிறுத்தம் என்று நாம் தமிழில் கூறுவது அதன் வழிவந்தது.

பெயர் கிடைத்தது நன்மையே. ஆயினும் பெயரோடு ஓர் அச்சமும் வந்தது. 1857 இல் இலண்டன் மருத்துவர் எட்வர்டு டில்ட், இம்மாற்றம் குறித்துப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். ஐந்நூறு பெண்களின் நிலையைக் கேட்டறிந்து எழுதியது அது. பெண்களிடமே கேட்டறிந்த அந்த முயற்சியைப் பாராட்ட வேண்டும். ஆனால், அக்கால மருத்துவர் பலர் இப்பருவத்தை உடலும் உள்ளமும் சீர்கெடும் ஆபத்தான காலமாகவே நோக்கினர். இயற்கையான மாற்றம் ஒன்று நோய்களின் வரிசையில் சேர்ந்தது.

இந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலப் பெண்மணி, வழக்கறிஞரான கணவருடன் சென்னைக்கு வந்து வாழ்ந்தார். ஆண் மருத்துவரிடம் உடல்நிலையைக் காட்ட நாணி, வீட்டுக்குள்ளேயே பெண்கள் மடிவதைக் கண்டு உள்ளம் நொந்தார். 1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தபோது, முதலில் நுழைந்த நால்வருள் அவரும் ஒருவர். 1878 இல் படிப்பை முடித்து, பின் இலண்டனில் உயர் பட்டம் பெற்று, 1883 இல் சென்னை திரும்பினார். 1885 இல் அவர் முயற்சியால் எழுந்ததே பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை. மக்கள் அதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குவது அதுவே. அங்கே பெண்கள் பெண் மருத்துவரிடம் வாய்திறந்து தம் துன்பத்தைச் சொல்ல முடிந்தது.

அவர் பின்னர் இலண்டனிலிருந்து 1915 இல் வெளியிட்ட நூல் ஒன்றின் பெயர் ‘பெண்ணின் ஏழு பருவங்கள்’ என்று பொருள்படும். அதே ஏழு! ஆனால் நம் உலாக்களின் ஏழு நாற்பதில் நின்றது; ஒரு மருத்துவரின் ஏழு, பெண்ணின் வாழ்வு முழுவதையும் தழுவியது. காண்பவன் கண்ணால் எண்ணினால் ஒரு கணக்கு. வாழ்பவள் நிலையிலிருந்து எண்ணினால் வேறு கணக்கு. வரலாறு படிக்கும் மாணவர் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் இது.

இருபதாம் நூற்றாண்டில் காரணம் விளங்கலாயிற்று. 1923 இல் அமெரிக்க அறிஞர் ஆலனும் டாய்சியும் சூலகத்திலிருந்து சுரக்கும் பொருளை ஆராய்ந்து கண்டனர். 1929 இல் டாய்சியும், செருமனியில் புட்டனாண்டும், தனித்தனியே அதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். அதுவே ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் வகை. வயது ஏற ஏறச் சூலகத்தில் முட்டைகள் குறைகின்றன. சுரப்பு ஏறியும் இறங்கியும் தடுமாறிப் பின் குறைந்து விடுகின்றது. உடலின் வெப்பத்தை அளந்து காக்கும் மூளைப் பகுதி இதனால் நிலைகுலைகின்றது. சிறு வெப்ப ஏற்றத்தையும் பெருவெப்பமாகக் கருதி, உடலைக் குளிர்விக்க ஆணையிடுகின்றது. இரத்தம் தோலுக்குப் பாய்கின்றது, முகமும் கழுத்தும் காந்துகின்றன, வியர்வை பெருகுகின்றது. மார்கழி இரவில் என் அம்மாவைத் திண்ணைக்கு விரட்டிய காற்றுக் கருப்பு இதுவே.

காரணம் தெரிந்ததும் மருந்தும் வந்தது. 1942 இல், சினைப்பட்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1966 இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், இப்பருவமே ஒரு குறைபாட்டு நோய், மாத்திரை உண்டால் பெண் என்றும் பெண்மையோடிருப்பாள் என்று நூல் எழுதினார். இலட்சக்கணக்கானோர் உண்டனர். 1975 இல், ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே உண்பவர்க்குக் கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் மிகுகின்றது என்ற ஆய்வுகள் வெளிவந்தன. அதனைத் தடுக்க வேறொரு சுரப்புநீரையும் சேர்த்துத் தந்தனர். 2002 இல், பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு, மார்பகப் புற்றுநோயும் இதய நோயும் சிலர்க்கு மிகுவது கண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் அஞ்சி மாத்திரையைக் கைவிட்டனர். பின்னர் ஆழ்ந்து நோக்கியபோது, அந்த ஆய்வில் பங்கு கொண்டோரின் சராசரி வயது 63 என்பதன் பொருள் விளங்கிற்று. 60 வயதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் கடவாத பெண்களுக்கு, துன்பம் கடுமையாயின் மருத்துவர் மேற்பார்வையில் அம்மருந்து பெரும்பாலும் பயன்தரும் என்பதே இன்றைய கருத்து. மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டு போன்றவை கண்டவர்களுக்கு அது ஆகாது. எல்லோர்க்கும் வேண்டும் என்றதும் பிழை. எவர்க்கும் வேண்டா என்றதும் பிழை. ஆளறிந்து தருவதே முறை.

இத்துன்பம் எல்லா நாட்டிலும் ஒரே அளவில் உணரப்படுவதில்லை என்பதும் வியப்பான செய்தி. மார்ச்சா ஃபிளிண்ட் என்ற மானிடவியலார், இராசத்தானத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் வாழும் இராசபுத்திரப் பெண்கள் 483 பேரிடம் பேசி, 1975 இல் எழுதினார். அவர்களுள் மிகச் சிலரே துன்பம் கூறினர். மாதவிடாய் நின்றபின் முகத்திரை விலகியது. ஆடவரோடு சமமாக அமர்ந்து பேச இடம் கிடைத்தது. இழப்பு என்று பிறர் எண்ணியதை அவர்கள் விடுதலையாகக் கண்டனர். மார்கரெட் லாக் என்பவர் சப்பானில் ஆராய்ந்து 1993 இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டுப் பெண்கள் உடல் காந்தலைவிடத் தோள் இறுக்கத்தையே மிகுதியாகக் கூறினர் என்கிறார். திடீர்க் காந்தலுக்கென்று தனிச்சொல்லே அம்மொழியில் இல்லை என்றும் குறித்தார். உணவும் உடலும் மட்டுமன்றி, சமூகம் தரும் மதிப்பும் மொழி தரும் சொல்லும் இத்துன்பத்தின் அளவை மாற்றுகின்றன போலும்.

அவ்வாறாயின் நம் பெண்களுக்குத் துன்பமே இல்லை என்று கொள்ளலாமா? கூடாது. சொல்லப்படாத துன்பம் இல்லாத துன்பம் ஆகாது. பிற்காலத்தில் இந்தியாவில் நடந்த ஆய்வுகள் பல, நம் பெண்களிடமும் மூட்டு வலி, உறக்கமின்மை, உடல் காந்தல் முதலியவை மிகுதி என்று காட்டியுள்ளன. அன்றியும், மேல் நாடுகளில் சராசரியாக 51 வயதளவில் நிகழும் இம்மாற்றம், இந்தியாவில் 46, 47 வயதிலேயே நிகழ்ந்து விடுகின்றது. ஊட்டக்குறைவும் கடும் உழைப்பும் வறுமையும் இதற்குத் துணைபோகின்றன என்பர்.

உப்பளத்துப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு வெளியிலிருந்து ஒரு வெப்பம். உள்ளிருந்து ஒரு வெப்பம். வேர்த்தால் வெயில் என்பாள். படபடத்தால் களைப்பு என்பாள். தன் உடல் தரும் குறிப்பை வெயில் மறைத்து விடுகின்றது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டு உப்பளங்கள் சிலவற்றில் நடத்தி 2023 இல் வெளியிட்ட ஆய்வு, தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதைக் காட்டிற்று. ஒதுங்குமிடம் இல்லாத அளத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கின்றனர். என் அம்மாவும் அப்படித்தான். விடியற்காலை ஒரு செம்பு கூழ். பின்னர் வீடு திரும்பும் வரை அளந்த அளவே நீர்.

ஆகவே, இப்பருவத்தின் அறிகுறிகளை நீங்கள் அறிந்திருத்தல் நலம். முதலாவது, மாதவிடாய் முறை தவறுதல். சில மாதம் விட்டு வரும், சில மாதம் மிகுதியாகும். இரண்டாவது, திடீரென முகம், கழுத்து, மார்பில் எழும் காந்தலும், இரவு வியர்வையும், நெஞ்சுப் படபடப்பும். மூன்றாவது, உறக்கக் கேடு. அதனால் வரும் சினம், சோர்வு, மறதி, காரணமற்ற கலக்கம். நான்காவது, மூட்டு வலி. ஐந்தாவது, பெண்கள் சொல்ல நாணுவது. பிறப்புறுப்பில் வறட்சியும், சிறுநீர் எரிச்சலும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வும். இவை எல்லாமே எல்லோர்க்கும் வருவதில்லை. சிலர்க்கு ஒன்றும் வராமலே கடந்து போகும். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டது எனக் கொள்வர். அதற்கு முன் கருத்தரித்தல் அரிதாயினும் கூடாததன்று. தைராய்டு கோளாறும் சோகையும் சர்க்கரை நோயும் இதே குறிகளைக் காட்டக் கூடும். ஆதலின் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்து தெளிதல் வேண்டும்.

சமாளிக்கும் வழிகள் பல எளியவையே. தளர்ந்த பருத்தி ஆடை, போதிய தண்ணீரும் மோரும், படுக்குமிடத்தில் காற்றோட்டம். காந்தலைத் தூண்டும் மிகு காரம், மிகு காப்பி, புகையிலை ஆகியவற்றைக் குறைத்தல். சுரப்பு குறைந்த பின் எலும்பு மெலிவதால், கேழ்வரகு, எள், கீரை, பால், முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்ற சிறுமீன் ஆகியவற்றைச் சேர்த்தல். நம் கடற்கரைக்கு இவை அயலானவை அல்ல. நாள்தோறும் நடை. இவற்றுக்கும் அடங்காத துன்பத்துக்கு மருந்து உண்டு. அதனை மருத்துவரே தர வேண்டும், கடைக்காரர் அல்லர். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டாரின் பரிவு. ஒரு குடம் நீரை மகன் சுமந்தால், ஒரு வேளை உலையை மகள் வைத்தால், அதுவும் ஒரு மருந்தே.

இனி நான் சொல்லப்போவது, எனக்குச் சொல்லக் கடினமானது. வானூரில் என் அத்தை இருந்தார், தந்தையின் அக்காள். மாதவிடாய் நின்று மூன்றாண்டுகள் கழித்து அவருக்கு மீண்டும் உதிரம் கண்டது. “போனது திரும்பி வந்திருக்கு, உடம்புல இளமை இருக்குது” என்று பெண்கள் வேடிக்கையாகப் பேசினர், அத்தையும் சிரித்தார். எட்டு மாதம் எவரும் மருத்துவரிடம் போகவில்லை. போனபோது, கருப்பையில் புற்றுநோய் முற்றியிருந்தது. அடுத்த ஆண்டு மாசியில் அத்தையை இழந்தோம். நின்ற உதிரம் ஓராண்டுக்குப் பின் ஒரு துளி வந்தாலும் உடனே காட்ட வேண்டும் என்ற ஒரே ஒரு செய்தி எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால், அத்தை பிழைத்திருக்கலாம். வரலாற்றுப் பட்டம் பெற்ற எனக்குப் பானிப்பட்டுப் போர்கள் மூன்றின் ஆண்டும் தெரியும், இது தெரியாது.

அச்சத்தின் மறுபக்கமும் ஒன்றுண்டு. தொல்லை தருகின்றது என்று சொல்லி இளவயதிலேயே கருப்பையை அகற்றிவிடும் வழக்கம் நம் நாட்டின் சில பகுதிகளில் பரவிற்று. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர்க்கு அவ்வாறு செய்யப்பட்டது 2019 இல் வெளிப்பட்டு நாட்டையே உலுக்கிற்று. வேலை நாள் கெடக்கூடாது என்ற நெருக்கடி, அறியாமை, பொருளாசை ஆகிய மூன்றும் கூடிச் செய்த கொடுமை அது. கருப்பையோடு சூலகத்தையும் அகற்றினால், பல ஆண்டுகளில் மெல்ல வரவேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து தாக்கும். தேவையான அறுவைச் சிகிச்சை உயிர் காக்கும். தேவையற்றது வாழ்வைக் குலைக்கும். இரண்டாவது மருத்துவர் ஒருவரின் கருத்தையும் கேட்பது நம் உரிமை. 30 வயது கடந்த பெண்களுக்குக் கருப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ச் சோதனைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்யப்படுகின்றன என்பதையும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

இயற்கை ஏன் இப்படி வகுத்தது என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலான விலங்குகள் ஏறத்தாழ இறுதிவரை ஈனும். மனித இனத்திலும், சில திமிங்கில இனங்களிலும், பெண் கருவுறும் காலம் முடிந்தபின் நெடுங்காலம் வாழ்கின்றாள். ஆப்பிரிக்காவில் வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் வாழும் ஹாட்சா மக்களிடையே, பாட்டியர் தேடித்தரும் உணவு பேரப்பிள்ளைகளைக் காப்பதை அறிஞர் கண்டனர். தான் மேலும் பெறுவதை நிறுத்தி, பிறந்தவற்றைக் காக்க நின்றவளாலேயே மனித இனம் தழைத்தது என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. அது முற்றிலும் மெய்ப்பட்டால், இந்நிறுத்தம் குறைபாடாகாது. நாம் இங்கே இருப்பதற்கான காரணங்களுள் ஒன்றாகும்.

என் அம்மா அந்த ஆற்றைக் கடந்தார். நான்கைந்து ஆண்டுகளில் காந்தல் தணிந்தது, உறக்கம் திரும்பியது. அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, என் மக்களுக்குக் கதை சொன்னார். எனக்கு 48 வயதில் அதே காந்தல் ஓர் இரவில் வந்தபோது, நான் எழுந்து போய்த் திண்ணையில் அமர்ந்தேன். சற்று நேரத்தில் அம்மா ஒரு செம்பு தண்ணீரோடு வந்து அருகில் அமர்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்று நான் அவருக்குச் செய்யத் தவறியது அதுதான்.

மாணவர்களே, உங்கள் வீடுகளில் இப்போது அந்த வயதில் ஒருவர் இருப்பார். தாயாகவோ, சித்தியாகவோ, அத்தையாகவோ இருப்பார். நம் முன்னோர் ஏழு பருவங்களுக்கு அழகிய பெயர்கள் இட்டனர். எட்டாவதற்குப் பெயரிடும் பணியை உங்களுக்கு விட்டுச் சென்றுள்ளனர். நல்ல தமிழ்ச்சொல் ஒன்று என்றேனும் பிறக்கட்டும். அதுவரை காத்திராமல், இன்று மாலை வீடு சென்றதும், “உடம்புக்கு என்னம்மா செய்யுது?” என்று அமைதியாக ஒரு முறை கேளுங்கள்; அவர் சொல்லி முடிக்கும் வரை அருகிலிருந்து கேளுங்கள்.